கன்றுகள் இல்லாத காடு

சாச்சாவின் ஏலக்காய்த் தோட்டத்தை நான் போன முதல் நாளே வெறுத்தேன். அந்த வெறுப்பு இன்னும் தீரவில்லை. ஆகவே இதை நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

யூனிவர்சிட்டிப் பரீட்சையில் தாவரவியலில் நன்றாகச் செய்து, பௌதிகத்தில் கோட்டை விட்டிருந்தேன். வீட்டில் சும்மா இருந்து வாப்பாவோடு வாதாடிக்கொண்டிருந்தவனை, அவர் தன் தம்பியிடம் மேற்பார்வைக்கென்று அனுப்பி வைத்தார். சாச்சாவுக்கு மாத்தளை டவுனில் கடை, ரத்தோட்டைக்கு மேலே மலையில் ஏலம். நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகைக்கு எடுத்தது. ஒரே நிபந்தனை, பெரிய மரங்களைத் தொடக்கூடாது.

சாச்சா தொடவில்லை. ஏலத்துக்கு நிழல் வேண்டுமே. பெரிய மரங்களை நிற்கவிட்டு, அவற்றின் கீழே இருந்த அத்தனையையும் வெட்டுவித்தார்: புதர், கொடி, பன்னம், விரல் தடிப்பில் எழும்பி நிற்கும் மரக்கன்று, எல்லாம். வருஷத்துக்கு இரண்டு தரம். பாதையிலிருந்து பார்த்தால் அடர்ந்த காடு. உள்ளே போனால் வெறும் தூண்கள். காட்டுச் சண்பகங்களின் கீழே ஒரு நாள் முழுக்கக் குனிந்து தேடினேன். முழங்கால் உயரத்தில் ஒரு கன்றுகூட இல்லை. பிள்ளை பிறப்பதே நின்றுபோன ஊர்போல இருந்தது. அதற்குள் நின்றுகொண்டு சாச்சா, காட்டைக் காப்பாற்றுகிறவர் தாம்தான் என்று பெருமையடித்துக்கொள்வார்.

ஓடைக்கரையில் மட்டும், கத்தி எட்டாத சரிவில், ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அங்கே பாசி பிடித்த அடிமரங்களில் ஒரு சின்ன ஓணான் இருந்தது. மூக்கு நுனியில் இலைபோல ஒரு தசை. இந்த மலைத்தொடரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பிராணி. அந்தத் துண்டையாவது வெட்டாமல் விடுங்கள் என்று சாச்சாவிடம் கேட்டேன்.

"ஓணான் வந்து ஒன்கிட்ட கேட்டுச்சா?" என்றார். "நான் நெலம் எடுத்தது ஏலச் செடி வெக்க, மகன், ஓணான் வளக்க இல்ல."

அதன் பிறகு தினமும் சண்டைதான். வெட்ட வருகிறவர்கள் பக்கத்து எஸ்டேட் பெண்கள். அவர்களுக்கு எங்கள் சண்டை பொழுதுபோக்கு. ஒருத்தி வெட்டிய கன்றைத் தூக்கிக் காட்டி, "சின்ன மொதலாளி, இதுக்கு என்னா பேருங்க?" என்றாள். பேர் சொன்னால் வெட்டாமல் விடுவாயா என்று கேட்டேன். "பேரு தெரிஞ்சு வெட்டலாமேன்னுதாங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரம் பார்க்க வன இலாகா அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் ஒரு கிழமை முழுக்க உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். பெரிய மரம் ஒவ்வொன்றுக்கும் சிங்களப் பெயர், லத்தீன் பெயர், நாடா பிடித்து அளந்த சுற்றளவு, ஓடைக்கு எந்தப் பக்கம், பாதையிலிருந்து எத்தனை அடி, எல்லாம் போட்டேன். கடைசிப் பக்கத்தில்தான் விஷயம்: கன்றே இல்லை, இந்த மரங்கள் விழுந்தால் காடு முடிந்தது, மரங்களின் கீழே வெட்டும் இந்த அடிவெட்டை உடனே நிறுத்துங்கள்.

சாச்சாவின் கண் முன்னாலேயே அதைக் கொடுத்தேன். அவர் முகம் கறுத்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். சாச்சாவின் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே முழுவதையும் வாசித்தார்.

"தம்பி, வலு வடிவா எழுதியிருக்கிறீர். அப்ப, இந்த மரங்களுக்குப் பிறகு ஒண்டும் வராது எண்டுறீர்?"

வராது என்றேன், அடித்துச் சொன்னேன்.

"அப்ப, உக்கி விழமுன்னம் தறிச்சு எடுக்கிறது நல்லதெல்லோ?"

அடிவெட்டை நிறுத்தினால் கன்று வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் சுற்றளவுப் பக்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். மரங்களை விட்டுவிடும்படி சாச்சா கெஞ்சினார். அரசாங்கக் கந்தோர் விஷயத்தில் வியாபாரி தலையிடக்கூடாது என்று அதிகாரி ஒரே வரியில் அவரை உட்காரவைத்தார்.

நாலைந்து மாதத்தில் மரம் தறிக்கிறவர்கள் வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது என் அறிக்கையின் தட்டச்சுப் பிரதி. எந்த மரத்தையும் தேடி அலையவில்லை. ஓடைக்கரையில்தான் தொடங்கினார்கள்; சுற்றளவு கூடியவை அங்கேதான் என்று நானே எழுதியிருந்தேன்.

வெயில் நேராக இறங்கியது. ஏலத்தின் இலைகள் ஓரத்திலிருந்து கருகின. மிச்சம் நின்ற அடிமரங்களில் பாசி காய்ந்து உரிந்தது. மூன்று நாள் தேடினேன். ஓணான் ஒன்றும் கண்ணில் படவில்லை.

சாச்சா அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. மரக்குற்றி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இருவது வருஷம் நான் ஒரு மரத்தத் தொட்டில்ல. நீ ஒரு பேனைய எடுத்த, முடிஞ்சி."

"நீங்க இருவது வருஷமா ஒரு மரக்கன்ற எழும்ப உட்டில்ல," என்றேன். "நான் எழுதாட்டியும் முடிஞ்சிதான் இரிக்கும்."

அந்த நேரத்திலும் வாய் மூடவில்லை நான். பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அவர் சொன்னது பொய்யில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை. அதனால்தான் மன்னிப்புக் கேட்க இருவராலும் முடியவில்லை. பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொள்ளும்போது, எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் ஒரு பக்கத்தால் அவர் போகிறார், மறு பக்கத்தால் நான் போகிறேன்.