எந்த இடத்தில் வலி?

பேருந்தில் ஆம்பூர் என்று எழுதியிருந்தாலும் மனோரமா ஓட்டுநரிடம் கேட்பாள். ஏறியபின் நடத்துநரிடம் கேட்பாள். பக்கத்துச் சீட்டில் இருக்கும் என்னையும் விடமாட்டாள். "கேட்டா இன்னா, கொறஞ்சா போய்டுவோம்?" எங்கள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள், நூல் மாற்றவும் சூப்பர்வைசரைக் கூப்பிடுவாள்.

சென்ற ஆடியில் ஒரு காலை, மகன் கார்முகிலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பன்னிரண்டு வயது. பக்கத்து வீட்டு உமைமா சூடு என்றாள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். மருந்துக்கடையில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். குடியாத்தத்தில் தறி ஓட்டும் கணவன் தணிகைவேல் போனில், "நைட்டு புரோட்டா ஜாஸ்தி தின்னிருப்பான், உடு" என்றான். பையன் "வயிறு, வயிறு" என்றே அழுதான். காலை அகட்டி நடந்தான். வலிக்கும் இடத்தை அம்மாவிடம் சொல்ல வெட்கம்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் மதியழகன் அவன் கால்சட்டையை இறக்கிப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ஒரு பக்கம் வீங்கிச் சிவந்து, விதை மேலேறியிருந்தது.

"விதை முறுக்கிக்கிச்சும்மா. ரத்தம் போகல. உடனே வேலூர் போங்க, ஆபரேஷன் பண்ணணும்."

"வயித்து வலிதானே சார்?"

"அங்கேருந்துதான் வயித்துக்கு ஏறுது. கெளம்புங்க."

வேலூரில் அறுவை முடித்து வந்த டாக்டர் ஆக்னஸ், கறுத்துப்போன விதையை எடுத்துவிட்டதாகச் சொன்னார். "நேத்தே வந்திருந்தா திருப்பிவிட்டு காப்பாத்தியிருக்கலாம். இன்னொண்ணும் முறுக்காம இருக்கத் தையல் போட்டிருக்கு. கவலப்படாதீங்க, ஒண்ணு போதும். கல்யாணம், கொழந்த எல்லாம் ஆகும்."

"ஒண்ணு போதும்னா சாமி எதுக்கு ரெண்டு குடுத்துச்சு மேடம்?"

ஆக்னஸ் அவள் தோளைத் தொட்டார். ஏதோ சொன்னார், மனோரமாவுக்கு ஏறவில்லை.

பிறகு பல நாள் யாரிடமும் கேட்காமலே பேருந்தில் ஏறினாள். ஒருநாள் என் பக்கம் குனிந்து, "யாரு சொன்னது தப்புக்கா? உமைமாவா, அந்த மாத்திரக்காரனா, எங்க வூட்டுக்காரரா? இல்ல, கேட்டுனே நின்ன நானா?" என்றாள். பையன் இப்போது கிரிக்கெட் ஆடுகிறான். அவள் எல்லைக்கோட்டில் நின்று அவன் ஓடும் விதத்தையே பார்க்கிறாள்.

போன வாரம் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில், எங்களோடு தைக்கும் ஆஃப்ரீன், "எம் பையனுக்கு அடிவயிறு வலிக்குதாம், இஸ்கூல்லேருந்து போன் வந்துச்சு. சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றாள்.

"டவுசர அவுத்துப் பாத்தாங்களா?"

கேன்டீனே திரும்பியது. யாரோ சிரித்தார்கள். மனோரமா சோற்றுக் கையோடே ஆஃப்ரீனைத் தூக்கி நிறுத்தி, கேட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போனாள்.