சுவரில் இரண்டு தீவுகள்

சிம்மக்கல்லில் எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் இலங்கையும் சுமத்ராவும் பக்கம் பக்கமாக இருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும். நானும் பெரியத்தா மகளும் பூகோளப் புத்தகத்தைப் பார்த்துக் கரித்துண்டால் வரைந்தவை. சுமத்ரா பல மடங்கு பெரிய தீவு என்று புத்தகம் சொல்லத்தான் செய்தது. அதை யார் கேட்டது? சண்டை வரக் கூடாதென்று இரண்டையும் ஒரே அளவாகப் போட்டோம். உள்ளே அவரையிலையைக் கசக்கித் தேய்த்துப் பச்சை பூசினோம். அதுதான் காடு.

என்னைப் பெற்ற அத்தா இலங்கையில் தேயிலைக்காகக் காடு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவருடைய அண்ணன், என் பெரியத்தா, சுமத்ராவில் ரப்பருக்காக அதே வேலையில் இருந்தார். இருவருமே, "காட்டை முடிச்சுட்டு வாரோம்" என்று சொல்லிக் கப்பலேறியவர்கள். எனக்கு அத்தாவின் முகம்கூடச் சரியாக நினைவில்லை. அவர் வந்தாக வேண்டும், அதற்குக் காடு தீர்ந்தாக வேண்டும். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

கடிதம் வந்தால், எழுத்துத் தெரிந்த நாங்கள்தான் எங்கள் அம்மாக்களுக்கு வாசித்துக் காட்டுவோம். ஓடைக்கு மேற்கே வெட்டியாயிற்று, சரிவில் நெருப்பு வைத்தாயிற்று என்று இருக்கும். உடனே பின்கட்டுக்கு ஓடி, அவரவர் தீவில் ஒரு கை அளவு பச்சையை ஈரத்துணியால் துடைப்போம். துஆவில் வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆசிரியையம்மா சொல்லியிருந்தார். நானும் தொழுகை தவறாமல் கையேந்தி, "யா அல்லா, இலங்கையில ஒரு மரம்கூட மிச்சம் வைக்காதே" என்று கேட்டுவந்தேன். பாவம், அந்த மரங்கள் என்னை என்ன செய்தன!

ஒரு வருஷத்தில் சுமத்ரா வெளுத்துவிட்டது. இலங்கையில் பாதிப் பச்சை அப்படியே நின்றது.

"எங்கத்தா வெட்டுற வெட்டுக்கு உங்கத்தா ஈடாவாரா? அம்புட்டுக் காட்டையும் நீயே வச்சுக்கடி" என்று பெரியத்தா மகள் பழிப்புக் காட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் பெரியத்தாவின் கடிதம் வந்தது. அவள்தான் வாசித்தாள். காடு முழுக்க முடிந்துவிட்டது என்றதும் அவளுடைய தாய், என் பெரியம்மா, "அல்ஹம்துலில்லா" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அடுத்த வரியில் வாசித்தவளின் குரல் இறங்கியது. வெட்டிய இடத்தில் ரப்பர் கன்று நட்டிருக்கிறார்கள். அது பால் கொடுக்க ஆறேழு வருஷமாகுமாம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத் துரை பெரியத்தாவையே இருக்கச் சொல்லிவிட்டாராம். இப்போதைக்கு வருவதற்கில்லை.

"திருப்பி வாசி" என்றாள் பெரியம்மா.

வாசித்தாள்.

"இன்னொரு தரம் வாசிம்மா. எதையும் விட்டுட்டியான்னு பாரு."

மூன்றாம் தரம் அவளால் வாசிக்க முடியவில்லை. தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

ஆத்தாடி, நான் கேட்ட துஆ பலித்துவிட்டால்? பின்கட்டுக்கு ஓடினேன். அவரையிலையைக் கைகொள்ளாமல் பறித்து, இலங்கையில் துடைத்த இடத்திலெல்லாம் திரும்பப் பச்சை பூசினேன். அம்மா வந்து பின்னால் நின்றாள்.

"என்னடி செய்றே?"

"காடு முடிஞ்சா அத்தா வரமாட்டாரும்மா. அதான் முடியவிடாம வைக்கிறேன்."

சுவரைப் பாழாக்கியதற்கு முதுகில் ஒன்று விழும் என்றுதான் நினைத்தேன். அம்மா என் கையிலிருந்த இலையை வாங்கி, நான் இன்னும் தொடாத வடக்குப் பக்கத்தில் தானே பூசினாள். வெகுநேரம் பூசினாள்.

"இனி அத்தா வந்துருவாருல்லம்மா?"

"வருவாரு" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

என் யோசனை அம்மாவுக்கும் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. காடு இருக்கும்வரை அதை வெட்ட அத்தா அங்கே வேண்டும், தீர்ந்தாலும் தோட்டம் பார்க்க அங்கேதான் வேண்டும் என்பது அவளுக்கு அந்தக் கடிதத்திலேயே விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.