கோப்பி லயத்தின் மூலை

ஐப்பசி மழை அன்று காலை சற்று விட்டிருந்தது. ஹாலிஎலயிலிருந்து தோட்டத்துக்கு ஏறிய வேனில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலைச்சரிவில், கோப்பி பயிரிட்ட காலத்தில் தொழிலாளர்கள் வரிசை அறைகளில் குடியிருந்த லயம் ஒன்றின் தடத்தைத் தோண்டி வெளிப்படுத்தியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்று அறிவிப்பு. நானும் பார்க்கப் போனவன்தான். ஆனால் அதே தோட்டத்தில் என் தங்கச்சி குடும்பம் இருந்தது.

அவர்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்களைப் புதைத்த பிறகு, எங்கள் பக்கத்தில் வெடிப்பு என்ற சொல்லை யாரும் லேசாகச் சொல்வதில்லை. மாற்று வீடுகளுக்கு ஒரு சமதரையை ஒதுக்கி, முளையடித்துச் சிவப்பு நாடாவும் கட்டியிருந்தார்கள். தோண்டிய குழி அந்த நாடாவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததுதான் சிக்கல். பழைய லயத்தின் மண்சுவர் கரைந்து, செம்மண்ணில் ஒரு கறுப்புப் பட்டையாக மட்டும் மிஞ்சியிருந்தது. குழியின் மூலையில் அந்தப் பட்டை திரும்பினால் லயம் அங்கே முடிந்தது. நேராகப் போனால் சமதரைக்கு அடியிலும் லயம் இருக்கிறது. அப்புறம் அங்கே வீடு கட்ட விடமாட்டார்கள். சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் பார்த்து முடிவு சொல்வதாகத் தோண்டலை நடத்திய தொல்பொருள் அதிகாரி சொல்லியிருந்தார்.

இந்தப் பகுதியின் பழைய சங்கதிகளை வருஷவாரியாக எழுதிவைப்பது என் பழக்கம். கோப்பித் தோட்டத்துக்கு வந்த ஆட்கள் இங்கேதான் படுத்து எழுந்தார்கள் என்று கைகாட்ட எனக்கு இதுவரை ஒரு சுவர்கூட இருந்ததில்லை. அது இன்னும் நீள வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மூலையோடு நின்றுவிட வேண்டும் என்று இன்னொன்று வேண்டிக்கொண்டிருந்தது.

வேனை விட்டு இறங்கியதும் பலகையில் ‘தேயிலைக் காலக் குடியிருப்பு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். தேயிலை பின்னால் வந்தது, கோப்பியில் நோய் விழுந்த பிறகு. வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே நின்று திருத்தச் சொல்லியிருப்பேன். அன்று நேரே குழிக்குப் போனேன்.

குழியைச் சுற்றிக் கூட்டம். உள்ளே தரை முழுக்கச் சாணம் மெழுகியிருந்தது. மூலையில் ஒரு கோலம்.

“யாரு இது செஞ்சது?” என்று அதிகாரி கேட்டார். சிங்களவர், தமிழை நிதானமாகப் பேசுவார்.

தங்கச்சி முன்னால் வந்தாள்.

“நாங்கதாங்க சேர். டவுன்ல இருந்தெல்லாம் ஆளுங்க வீடு பாக்க வருதுன்னு சொன்னீங்க. உள்ள ஒரே புழுதி. நேத்து கொழுந்து எடை போட்டுட்டு வந்து, கூட்டி மெழுகி விட்டோம்.”

“கோலம்?”

“மெழுகுன எடத்துல கோலம் போடாம விடுவோமா?”

“அவ வீட்ட ஒரு நாளும் இப்படிக் கூட்டுனது கெடையாது சேர்,” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

“பட்டை தெரியல. சுரண்டினா மண்ணும் சேர்ந்து வரும். நாடாவுக்கு அந்தப் பக்கம் புதுசா வெட்டித்தான் பாக்கணும். மழை முடியட்டும். தை மாசம். அதுவரைக்கும் வீட்டு வேலை தொடங்க வேணாம்.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, சுத்தம்தானே பண்ணினோம்,” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

தை வரைக்கும் மழை. தை வரைக்கும் அந்த வெடிப்பு.

“மூலைய மட்டும் சுரண்டிப் பாருங்க சேர்,” என்றேன். அவர் குழிக்குள் இறங்கினார். பிறகு முழங்காலிட்டு, சின்னக் கரண்டியால் கோலத்திலிருந்து தொடங்கினார். சாணம் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் ஈரம் ஊறி எல்லா மண்ணும் ஒரே கறுப்பாக இருந்தது.

“காயணும்,” என்றார்.

காத்திருந்தோம். யாரோ பிளேன்டீ கொடுத்தார்கள். என் கையிலேயே ஆறிப்போனது. காற்று வீச வீசச் சுற்றியிருந்த மண் வெளுத்துச் சிவந்தது. ஒரு பட்டை மட்டும் ஈரத்தை விடாமல் கறுப்பாகவே நின்றது. அது சிவப்பு நாடாவை நோக்கி நேராக வந்தது. தங்கச்சி என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். நாடாவுக்கு ஒரு முழம் இருக்கையில் முன்னால் இருந்த மண்ணும் வெளுத்தது. ஈரம் இடப்பக்கம் வளைந்து போயிருந்தது.

“இங்க திரும்புது,” என்று அதிகாரி ஒரு முளை அடித்தார். “ஈரம் காய்ஞ்சதுல நல்லாவே தெரியுது. ஆனா இனி யாரும் மெழுக வேணாம்.”

தங்கச்சி இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுதுவதற்கு எனக்கு ஒரு மூலை கிடைத்தது. அதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம் என்று இருந்தது.

பின்னேரம் மழை திரும்பியது. வந்தவர்கள் வேனுக்கு ஓடினார்கள். அதிகாரியும் அவரோடு தோண்டிய மாணவர்களும் குழிமேல் கனத்த தறப்பாளை இழுத்து, சுற்றிலும் கல் வைத்து, ஒரு சொட்டும் இறங்காதபடி கட்டினார்கள். தங்கச்சி தலையில் ஒரு உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றாள்.

“அடுத்த வாரம் வீட்டு வேலை தொடங்குவாங்களா அண்ணே?”

“தொடங்கலாம்னுதான் சொல்றாங்க.”

“அதுவரைக்கும் நம்ம லயத்துக்கும் இந்த மாதிரி ஒன்னு கட்டிட்டுப் போகச் சொல்லுங்க,” என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். பிறகு மழையில் லயத்தை நோக்கி இறங்கிப் போனாள்.