தோலில் எழுதிப் பழகிய கண்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்ப்ரே அடிக்கும் வேலை எனக்கு. அந்த நெடியில் மூச்சு வாங்கும். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

வேலூரில் கொலு பொம்மை செய்யும் ஒரு பெண் கண் எழுத ஆள் தேடினாள். வீட்டிலிருந்தே செய்யலாம். தண்ணீர் கலர், நெடி கிடையாது. கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் துண்டுகளில் தினமும் கண் எழுதிப் பழகினேன். கூட வேலை செய்யும் சுமதி சிரித்தாள்.

"இன்னாக்கா, தோலெல்லாம் நம்மளயே மொறைக்குது!"

கோடு சுத்தமாக வந்ததும் பொம்மைக்காரியிடம் போனேன். கட்டைவிரல் அளவு மண் பொம்மை ஒன்றைக் கொடுத்தாள். பிரஷ் பட்டதும் மண் கலரை உறிஞ்சியது. கண் கன்னம்வரை பரவிவிட்டது.

"எதுலக்கா பழகின?"

"தோல்ல."

"அது கலர குடிக்காதுக்கா. மண்ணு குடிக்கும்." உடைந்த பொம்மைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "கொலு கிட்ட வந்துடுச்சி, இந்த வருஷம் வேற ஆள வெச்சுக்கிறேன். இதுல பழகிட்டு அடுத்த வருஷம் வா. உனக்குத்தான் வேலை."

மறுநாள் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்தேன். அங்கிருந்து வெளியே வரத்தான் பழகினேன். அதையும் அங்கே இருக்கிற தோலிலேயே பழகியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது உடைந்த பொம்மைகளில் எழுதுகிறேன். இன்னும் பரவுகிறது. கை தோலை மறக்க நாளாகும் போலிருக்கிறது.