ராட்சத அல்லியின் அடிப்பக்கம்

இன்று காலை அரிவாளோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். ஆஸ்திரேலியாவின் மெல்பனில் நான் வேலை பார்க்கும் தாவரப் பூங்காவின் கண்ணாடி வீட்டுக்குள், சூடேற்றிய குளம். வெட்டியது ராட்சத அல்லியின் இலையை.

பார்க்க வந்த யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் கரையிலிருந்து கத்தினார்.

"ஐயோ தம்பி, பச்சை இலையை ஏன் வெட்டுறீர்? பத்துப் பேருக்குச் சோறு போடலாமே!"

"கீழே பாருங்க அன்ரி" என்று இலையைப் புரட்டிப் போட்டேன்.

அடிப்பக்கம் முழுக்க ஊசி ஊசியாய் முள். இலை மூடியிருந்த இடத்தில் நான் ஆசையாய் வளர்த்த நீல அல்லி, கிழிந்து நசுங்கிச் செத்துக் கிடந்தது. முள் என் கையுறையையும் துளைத்ததில் ரத்தம் வடிந்தது.

அன்ரி குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஓம், எங்கட சங்கத் தலைவரும் இப்பிடித்தான். விடாதையும், வெட்டும்."

எந்தச் சங்கம் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கமெண்டில் உங்கள் தலைவர்களின் பெயர் போடாதீர்கள். அரிவாள் ஒன்றுதான் இருக்கிறது.