பாலாற்றில் தண்ணீர் என்று ஜெர்சன் சொன்னபோது

ஆம்பூரில் ஒரு காலத்தில் செல்போன் வாங்க நினைத்தவர்கள் முதலில் கடைக்குப் போகவில்லை, ஜெர்சனிடம் போனார்கள். வேலூரிலிருந்து வெளிவந்த ஒரு மாலைப் பத்திரிகையில் அவர் நிருபர். தொண்ணூறுகளில் கட்சிக் கூட்டம், கூலி உயர்வுப் போராட்டம், லாரி விபத்து என்று எழுதிக்கொண்டிருந்தவர், ஊருக்குள் செல்போன் பெருகியதும் சனிக்கிழமைதோறும் 'கையில் ஒரு போன்' என்ற பகுதியை எழுத ஆரம்பித்தார். எதில் பேட்டரி நிற்கும், எதன் மணி ஷூ கம்பெனி இரைச்சலிலும் கேட்கும், எதன் பட்டன் ஈரக் கையில் வழுக்கும் என்பதையெல்லாம் ஒரு வாரமாவது வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். மட்டமானதை மட்டம் என்றே எழுதுவார். அந்தக் கம்பெனியின் விளம்பரம் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தாலும் கவலைப்பட மாட்டார்.

பஜாரில் போன் கடை வைத்திருந்த நயீம் அகமது அந்தப் பகுதியை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார். ஜெர்சன் எழுதிவிட்டால் தான் வாயைத் திறக்கவே வேண்டாம், சரக்கு தானாக நகரும் என்பார்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு புது கம்பெனியின் ஸ்மார்ட்போன் அவர் கைக்கு வந்தது. மெயில் பார்க்கலாம், படம் எடுக்கலாம். மற்ற போன்கள் ஊமையாகிவிடும் இடங்களிலும் அதில் பேச முடிந்தது. குறை தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. முதல் தடவையாக ஒரு குறைகூட இல்லாமல் எழுதினார். போனைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய கம்பெனி ஆள் வரவே இல்லை. கூப்பிட்டுக் கேட்டதற்கு, இருக்கட்டும் சார், அப்புறம் பார்த்துக்கலாம் என்றான். ஜெர்சனும் அதைப் பையில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டது போட்டுக்கொண்டதுதான்.

ஒரு சாயங்காலம் நயீம் கடையில் நின்றிருந்தபோது அது மணி அடித்தது. எடுத்துப் பேசினார். பேசி முடித்து நிமிர்ந்தால், கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதான் ஜாஸ்தியா புகழ்ந்துட்ட போல" என்று நயீம் சிரித்தார். ஜெர்சனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கடையை விட்டு இறங்கி ஊருக்குள் போய்விட்டது.

முதலில் போன் விஷயத்தில்தான் நம்பிக்கை போனது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை நயீம் கிழிக்கவில்லை; அதன்மேல் வேறொரு விளம்பரம் ஏறிக்கொண்டது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒருவன் மணி கேட்டான். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். தலையாட்டிவிட்டு, அடுத்தாற்போல் நின்றவரிடம் போய் அதையே கேட்டான். அவனை இவருக்குத் தெரியாது. அவனுக்கும் இவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. சர்ச்சில் வேதபாடம் வாசிக்கும் முறை அவருக்கு வந்தது. வாசிக்க வாசிக்க, முன்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் வேதாகமத்தைத் திறந்து வரிவரியாக விரலை ஓட்டிச் சரிபார்ப்பதைக் கண்டார். வேறு யார் வாசித்தாலும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்கள்.

அவர் மனைவி எப்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேஸை அணைத்துவிட்டேன் என்று இவர் சொன்ன பிறகும் எழுந்து போய்க் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு வருவாள். ஏன் என்று கேட்டால், எதற்காகப் போனோம் என்று அவளுக்கே தெரியாததுபோல் விழிப்பாள்.

இதைவிட மோசமானது அவருக்குள்ளேயே இருந்தது. அந்த போன் நிஜமாகவே நல்ல போன்தானா? அது தன் கையிலேயே தங்கிவிடும் என்று தெரிந்துதான் குறை கண்ணில் படவில்லையோ? எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நன்றாக இருப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். தன் கண்ணைத் தானே சந்தேகப்படுகிறவன் யாரிடம் போய் முறையிடுவது?

அந்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாணியம்பாடியில் ஒரு செய்தியை முடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். ஆம்பூரில் மழை இல்லை. ஜன்னலுக்கு வெளியே பாலாறு வெறும் மணலாக, முள்செடியோடு கிடந்தது. அந்த மணலின்மேல் ஏதோ ஒன்று நகர்ந்தது.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிக் கரைக்கு ஓடினார். தண்ணீர். மாநில எல்லைக்கு அப்பால் எங்கோ கொட்டிய மழை. ஆற்றில் வெள்ளம் என்றால் இரைச்சல் இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இதில் சத்தமே இல்லை. பழுப்பு நுரையைத் தள்ளிக்கொண்டு, மனிதன் நடக்கிற வேகத்தில், ஆற்றின் அகலத்துக்கும் பாய் விரிப்பதுபோல் வந்தது. மணல் லாரிகள் தோண்டிய பள்ளங்களுக்கு வந்ததும் நின்றது. ஓசையில்லாமல் அவற்றை நிரப்பியது. நிரம்பியதும் மறுபடி நடந்தது. தோல் கழிவின் பழைய நாற்றம் மணலை விட்டுக் கிளம்பி அதற்கு முன்னால் வந்தது.

கீழே, ஆம்பூர்ப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதி ஊர் ஆற்றில்தான் இருக்கும். நயீமின் தம்பி தன்சீல், ஷூ கம்பெனி நண்பர்களோடு மணலில் கிரிக்கெட் ஆடுவான். பள்ளத்துக்குள் லாரிக்கு மணல் வாருகிறவர்களுக்கு வானம் தவிர எதுவும் தெரியாது.

நயீமுக்குப் போன் போட்டார்.

"பாலாத்துல தண்ணியா?" நயீம் கோபப்படவில்லை. நோயாளியிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார். "இன்னா ஜெர்சன் நீ. நம்ம சின்னப் பசங்களா இருந்தப்ப வந்ததுபா அது. வீட்டுக்குப் போய்ப் படு."

பத்திரிகை அலுவலகத்தைக் கூப்பிட்டார். தாலுகா ஆபீசில் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். படம் எடுத்திருப்பதாகச் சொல்லியும் பலனில்லை. அந்த போனில் எடுத்த படம்தானே என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது. எப்சியைக் கூப்பிட்டார்.

"நீங்க பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்துக்கினு இருக்கேன்."

"நல்லாப் பாருங்க."

திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அவருக்கே நிச்சயமில்லை. சத்தமில்லாத தண்ணீர் உண்டா? வெயிலில் மணல் அலைவதாக இருக்கலாம். இறங்கிப் போய் அதில் கையை வைத்தார். ஈரமாகத்தான் இருந்தது. அந்த ஈரத்தைக்கூட மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துத்தான் நம்பினார்.

மேலே ரோட்டில் ஒரு பெண், வீட்டில் தைத்து முடித்த ஷூ மேல்தோல்களை மூட்டையாகத் தலையில் சுமந்துகொண்டு போனாள். மஹ்பூபி என்று பிறகு தெரிந்தது. ஜெர்சன் கரையேறி ஓடி, நயீம் கடையின் லேண்ட்லைன் எண்ணை அழுத்தி, போனை அவளிடம் நீட்டினார்.

"நீங்க பார்க்கறதைச் சொல்லுங்கம்மா. என் பேரு வேணாம்."

அவள் அவரையும் ஆற்றையும் பார்த்தாள். மூட்டையை இறக்காமலே போனை வாங்கினாள்.

"ஆத்துல தண்ணி வருது. புள்ளைங்கள மேல ஏத்துங்க."

அவ்வளவுதான். யார் நீ, எங்கிருந்து பேசுகிறாய் என்று நயீம் கேட்கவில்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடினாராம். தண்ணீர் ஆம்பூரைத் தொடுமுன் தன்சீலும் கூட்டாளிகளும் பள்ளத்தில் இருந்தவர்களைக் கைகொடுத்து மேலே தூக்கிவிட்டார்கள். ஒரு லாரி முழுகியது. ஒரு உயிரும் போகவில்லை. மறுநாள் பத்திரிகையில் மஹ்பூபியின் படம் வந்தது. செய்தியை எழுதியவர் ஜெர்சன். தன்னைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் மஹ்பூபியையும் சந்தேகப்படுவார்கள் என்று பயந்தார்.

போனைக் கம்பெனிக்கே கூரியரில் அனுப்பினார். அதனால் ஒன்றும் மாறவில்லை. போன் பகுதியை இனி வேறு பெயரில் எழுதலாம் என்று பத்திரிகை ஆசிரியர் சொன்னபோது, ஜெர்சன் யோசிக்காமல் ஜெயபுஷ்பம் என்றார். அது அவர் அம்மாவின் பெயர். ஊருக்குள் செல்போன் வருமுன்பே இறந்துவிட்டவர்.

அதே கை, அதே பார்வை. ஆனால் ஜெயபுஷ்பம் எழுதியதை ஊர் அப்படியே ஏற்றுக்கொண்டது. கடைக் கண்ணாடியில் பழையபடி தாள் ஏறியது. அச்சில் படிக்கும்போது ஜெர்சனுக்கும், தான் எழுதியதைவிட இது உண்மையாக இருக்கிறதே என்று தோன்றும்.

ஒரு நாள் நயீம் அவரைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அந்த ஜெயபுஷ்பம் அம்மா நேத்து வந்திருந்தாங்க. உனக்குத் தெரியுமா அவங்கள?"

"எப்படி இருந்தாங்க?"

"வயசானவங்க. வெள்ளைப் புடவை. இடது கை சுண்டு விரல் மடங்கியே இருந்திச்சி. போனைக் காதுல வெக்கல, நெஞ்சுகிட்ட வெச்சிப் பார்த்தாங்க. இது நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போய்ட்டாங்க."

அம்மாவின் சுண்டு விரல் அப்படித்தான் இருந்தது. நயீம் அம்மாவைப் பார்த்ததே இல்லை. கடைக்குப் பேர் வரட்டும் என்று நயீம் கதை கட்டுகிறாரா, யாரோ ஒரு கிழவி வந்து போனாளா, அல்லது வேறு எதுவோ? நயீமின் முகத்தை உற்றுப் பார்த்தார் ஜெர்சன். ஊர் தன் முகத்தை எப்படித் துழாவியதோ அதே மாதிரித் தானும் துழாவுகிறோம் என்று உறைத்ததும் பார்வையை விலக்கிக்கொண்டார்.

"எந்த போனைச் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நயீம் எடுத்துக் காட்டினார். ஜெர்சன் அதை வீட்டுக்கு வாங்கிப்போய் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார். நல்ல போன்தான். சனிக்கிழமைக்கு எழுதினார், அம்மாவின் பெயரில்.