ஜேசுரட்ணத்தின் வள்ளத்து மலாய்

ஜேசுரட்ணத்துக்கு மலாய் தெரியும் என்பதை அவர் மனைவி பிளோறன்ஸ் முப்பது வருடமாக நம்பவில்லை. ஜெர்மனியின் கொலோனுக்கு வந்து சேருமுன் மலேசியாவின் கெடாக் கரையில் இரண்டு வருடம் மீன்பிடி வள்ளத்தில் வேலை செய்தவர்தான். ஆனால் அதற்கு ஒரு முத்திரையோ துண்டுக் கடதாசியோ இல்லை. ஒரு கலியாண வீட்டில் கோலாலம்பூர் மாணவி ஒருத்தியிடம் மலாயில் நலம் விசாரிக்க, அவள் திருதிருவென்று முழித்தாள். மனுசனின் மானம் அன்றைக்கே கப்பலேறியது.

ஆகவே, கெடாப் பக்கத்து மலாய்ப் பேச்சைப் பதிவு செய்ய ஆள் தேவை என்ற பல்கலைக்கழக அறிவித்தலைக் கண்டதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சந்திப்புக்கு நாள் குறித்து டெர்மின் எடுத்தார். ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்கு லீவு போட்டார்.

"நீரும் வாரும், சாட்சிக்கு!"

"ட்ராமில மெல்லக் கதையுங்கோ. எல்லாரும் பாக்கினம்," என்றாள் பிளோறன்ஸ்.

பதிவு செய்ய வந்த ஹஸ்னிசா கெடாக்காரி. படங்களைக் காட்டி, அமைதியாகப் பெயர் சொல்லுங்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். மீன் படம். ஜேசுரட்ணம் வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. தண்ணீர் படத்துக்கும் அதே கதி. பிளோறன்ஸ் கூரையைப் பார்த்தாள்.

அவர் கழுத்துச் சால்வையை உருவிக்கொண்டு துள்ளி எழும்பினார். "இருந்துகொண்டு எனக்கு வராது! வலை இழுக்கேக்கைதான் நான் இதைக் கதைச்சனான். பிளோறன்ஸ், இந்தச் சால்வையின்ர மற்றத் தலைப்பைப் பிடியும்!"

அவள் வெட்கத்தோடு பிடிக்க, அவர் ஒரே இழுவையாய் இழுத்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்துவதுபோல் கத்தினார்: "ஈக்கான் பெசாக்!" பெரிய மீன்! பிறகு சுடுதண்ணீர், பழுதான கயிறு, வள்ளத் தலைவன் தண்டயலின் கெட்ட வார்த்தைகள், எல்லாம் மடைதிறந்து வந்தன. ஹஸ்னிசா பதிவுக்காக மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, தானும் கத்தினாள்.

"புத்தகத்தில் 'பெசார்'. எங்கள் ஆட்கள் அந்தக் கடைசி எழுத்தைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுவார்கள்," என்றாள் மூச்சு வாங்க. "வயல் பக்கத்து ஆட்கள்கூட இப்படிச் சொல்ல மாட்டார்கள். இது ஆற்றுமுகத்து வள்ளக்காரர் பேச்சு. என் மாமா அச்சாக இப்படித்தான்!"

பிறகு படிவம் நீட்டினாள். எங்கே கற்றீர்கள், எத்தனை வருடம்? அந்த இரண்டு வருடத்தை முதன்முதலாக ஒரு கடதாசியில் எழுதியபோது ஜேசுரட்ணத்துக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது.

திரும்பும்போது ட்ராமில் சனம் நெருக்கியது. பிளோறன்ஸ் சால்வைத் தலைப்பை இன்னும் விடவில்லை.

"பெரிய மீனுக்கு என்னெண்டு சொன்னீங்கள்?"

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு முணுமுணுக்கப் போனார்.

"கத்துங்கோ," என்றாள் அவள், சால்வையை இழுத்து.